தாழும் திறவுகோலும்: திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம் இல்லங்களின் காவல் வரலாறு



சில மாதங்களாக நம் சங்கக் காரியாலயத்திற்கு வரும் அன்பர்களுள் பலர், வந்த காரியம் முடிந்து எழுந்திருக்கும் தருணத்தில், ஒரு கேள்வியைத் தவறாது கேட்டுச் செல்கின்றனர். "வாசற்கதவின் பழம் பூட்டுத் தேய்ந்துவிட்டது, அதற்குப் பதிலாக எதனை வாங்குவது?" என்பதே அக்கேள்வி. பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் கடல் கடந்த தேசங்களிலும் உத்தியோகம் பார்க்க, ஸ்ரீரங்கத்து வீதிகளிலும் மலைக்கோட்டையைச் சூழ்ந்த தெருக்களிலும் முதியோர் இருவரே வசிக்கும் வீடுகள் பெருகிவிட்ட இக்காலத்தில், அக்கேள்வி வெறும் கடைச்சாமான் விசாரணையன்று, அச்சத்தினின்றும் எழுவது.

கொல்லர், தச்சர், கன்னார், சிற்பியர், தட்டார் என ஐந்தொழிலும் புரிந்த மரபிற் பிறந்த நாம், பூட்டைப் பற்றிய கேள்விக்கு விடையறியாது நிற்பது நாணத்தக்கதன்றோ? ஆகவே, இல்லக் காவல் நம் நாட்டில் எவ்வாறு வளர்ந்து வந்தது என்பதை முதற்கண் ஆராய்ந்து, அதன்பின் எத்தகைய பூட்டைத் தேர்வது என்பதைக் கூறுவாம். வரலாறு அறிந்தவனே தேர்வும் அறிவான் என்பது நம் கருத்து.

முதலிற் சொற்களை நோக்குவாம். பூட்டு என்னுஞ் சொல், எருதை நுகத்திற் பிணைத்தலாகிய பூட்டுதல் என்னும் வினையோடு உறவுடையது. தாழ் என்பதோ மிகப் பழமையானது. திருவள்ளுவர் அன்புடைமையைக் கூறும் அதிகாரத்திலேயே அச்சொல்லை எடுத்தாண்டிருக்கின்றார். திறவுகோல் என்னும் பெயரைச் சற்றே சிந்திப்போர்க்குப் பழைய கருவியின் உருவமே கண்முன் தோன்றும். அது சட்டைப்பையில் அடங்கும் சிறு பொருளன்று. மெய்யாகவே ஒரு கோல். கதவின் துளை வழியே நீண்டு வளைந்த இரும்புக்கோலைச் செலுத்தி, உட்புறத்துத் தாழை நெம்பி விலக்குவர். இன்று நாம் நாள்தோறும் வழங்கும் சாவி என்னுஞ் சொல் தமிழன்று. போர்த்துக்கேசியர் மொழியினின்றும் வந்தது. ஜன்னலும் அலமாரியும் மேசையும் அம்மொழியினின்றும் வந்தனவே. வெளிநாட்டார் பெயர் நம் இல்லத்தின் வாயிலிலேயே குடிபுகுந்தமை கருதத்தக்கது.

கதவை அமைத்த கைத்திறனோ நம்முடையது. சங்கச் செய்யுட்களுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில் நக்கீரர், பாண்டியன் அரண்மனை வாயிலை வருணிக்கின்றார். பருத்த இரும்பாற் பிணித்து, செவ்வரக்குப் பூசி, இரட்டைக் கதவைத் தாழோடு பொருத்தி, கைவல்ல கம்மியன் இடைவெளியின்றி இறுக்கியமைத்தான் என்பது அவ்வருணனையின் சாரம். ஒரு புலவர் பேரரசின் பெருமையைக் கூற வந்த இடத்தில், மரமும் இரும்பும் ஒன்றோடொன்று பொருந்திய பொருத்தத்தையே எடுத்துப் பாராட்டினார். பாதுகாப்பு பொருத்தத்தில் உள்ளது என்னும் இவ்வுண்மையை அன்பர்கள் நினைவில் வைத்துக் கொள்க. பின்னர் இதற்கே மீண்டு வருவாம்.

நிற்க. நம் ஊரை நோக்குவாம். ஸ்ரீரங்கமே ஏழு பிராகாரங்களால் ஆகிய ஒரு பெரும் பூட்டு எனலாம். உத்தரவீதியினின்றும் சித்திரை வீதியும், அதனைச் சூழ அடையவளஞ்சான் வீதியும் அமைந்து, மதிலுக்குள் மதிலாகவும் வாயிலுக்குள் வாயிலாகவும் விளங்கும் ஊர் இது. அவ்வாயில்களுள் ஆரியபடாள் வாசல் என்பது ஒன்று. கௌட தேசத்தரசன் அனுப்பிய பொருளோடு வந்த ஆரியர் அவ்வாயிலில் நின்று காவல் புரிந்தமையால் அப்பெயர் எய்தியதெனக் கோயிலொழுகு கூறும். பரமபத வாசலோ, வைகுண்ட ஏகாதசி முதலாக இராப்பத்துக் காலத்தில் மட்டுமே திறந்து, ஏனைய நாட்களில் அடைத்தே இருப்பது. திறத்தலின் அருமையே அடைத்தலின் பெருமை என்பதை நம் ஊர்ச் சிறுபிள்ளைகளும் அறிவர்.

ஆயினும் ஏழு மதிலும் காவாத நாளும் ஒன்று வந்தது. 1323-ஆம் வருஷத்துப் படையெடுப்பின்போது உற்சவமூர்த்தியை ஊரினின்றும் எடுத்துச் சென்றனர். மூலவர் சந்நிதிக்கு முன்னே கற்சுவர் எழுப்பி மறைத்தனர் என்பது வைஷ்ணவப் பெரியோர் வழிவழியாகக் கூறிவரும் வரலாறு. உற்சவமூர்த்தி மீண்டும் ஸ்ரீரங்கம் வந்து சேர்ந்தது 1371-ஆம் வருஷத்தில். ஏறக்குறைய அரை நூற்றாண்டின் பின். இரும்புத்தாழால் ஆகாத காவலை, சிற்பியின் கல்லும் ஊராரின் ஒற்றுமையும் செய்தன. பூட்டு எங்கே இருக்கின்றது என்பதே பகைவனுக்குத் தெரியாதிருத்தலும் ஒரு காவலாம்.

ஆற்றைக் கடந்து திருச்சிராப்பள்ளிக்கு வருவாம். மலையைச் சூழ்ந்த நகரம் ஒரு காலத்தில் இரட்டை மதிலும் அகழியும் உடையதாயிருந்தது. கர்நாடக யுத்த காலத்தில், 1753-ஆம் வருஷம் நவம்பர் மாதத்து நள்ளிரவில், பிரெஞ்சுப் படையினர் டால்டன் பாட்டரி என்னும் கொத்தளத்தருகே ஏணி சார்த்தி வெளிமதிலைக் கடந்தனர். அங்கிருந்த காவலர் உறக்கத்தில் இருந்தனர். ஓசையின்றி உள்வாயிலைத் தகர்ப்பதே வந்தவர்களின் எண்ணம். ஆனால் வெற்றிக் களிப்பில், கைப்பற்றிய பீரங்கியை அவர்களே நகரை நோக்கிச் சுட்டுவிட்டனர். அவ்வோசையால் நகரம் விழித்தது, உள்வாயில் உடையவில்லை, வந்தவர் பலர் மாண்டனர், பலர் சிறைப்பட்டனர். இதனால் நாம் அறிவன மூன்று. வெளிக்காவல் உறங்கினால் மதில் பயன்படாது. இரண்டாவது தடை ஒன்று இருப்பின் காலம் கிடைக்கும். ஓசையே திருடனின் முதற்பகை. இம்மூன்றும் இன்றைய இல்லத்திற்கும் முற்றும் பொருந்துவன.

அம்மதில்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இடிபட்டன, அகழி தூர்ந்தது. இன்று மேலைப் புலிவார்டு, கீழைப் புலிவார்டு என்னும் சாலைகள் அவ்வழியையே பற்றிச் செல்கின்றன. மேற்கு வாயிலாகிய மெயின்கார்டு கேட் மட்டும் சாட்சியாக நிற்கின்றது. ஊருக்கென்று இருந்த பூட்டுப் போயினமையால், வீட்டுக்கு வீடு பூட்டு வேண்டியதாயிற்று.

பிறிதொரு மாறுதலும் அந்நூற்றாண்டிலேயே நிகழ்ந்தது. முற்காலத்தில் பாடிகாவல் என்னும் முறை இந்நாட்டில் வழங்கிற்று. குடிகள் காவற்காரருக்கு ஆண்டுதோறும் நெல்லோ பணமோ கொடுப்பர். பொருள் களவு போயின் காவற்காரர் அதனை மீட்டுத் தருதல் வேண்டும், இயலாதாயின் ஈடு கொடுத்தல் வேண்டும். இம்முறையில் நன்மையும் இருந்தது, கொடுமையும் இருந்தது. ஆங்கில அரசாட்சி இம்முறையைச் சிறிது சிறிதாக ஒழித்து, 1859-ஆம் வருஷத்துச் சட்டத்தால் சென்னை மாகாணத்தில் போலீஸ் இலாகாவை நிலைநிறுத்தியது. களவுக்கு ஈடு கொடுத்த மனிதன் போனான். களவுக்குப் பின் விசாரிக்கும் உத்தியோகஸ்தர் வந்தார். இடையிலுள்ள வெற்றிடத்தை நிரப்ப வேண்டிய பொறுப்பு வீட்டுக்காரனையும் அவனது பூட்டையும் சார்ந்தது.

வீட்டின் அமைப்பும் மாறிற்று. மண்சுவர்க் காலத்தில் திருடன் கதவண்டை வருவதேயில்லை. கன்னக்கோலால் சுவரைத் துளைத்து நுழைந்தான். கன்னம் வைத்தல் என்னும் வழக்கு அதனால் எழுந்தது. அக்கதவுகளுக்கு உள்ளே குறுக்காக ஒரு கணையமரமும் ஒரு தாழ்ப்பாளும் போதுமானவை. கூட்டுக் குடும்பமாதலின் எக்காலத்தும் யாரேனும் ஒருவர் உள்ளே இருப்பர். செங்கற்சுவரும் சுண்ணாம்பும் வந்தபின் சுவர் வலிமை பெற்றது. வீட்டின் மெலிந்த இடம் கதவாயிற்று. குடும்பங்கள் பிரிந்து, வீட்டை அடைத்து யாவரும் வெளிச்செல்லும் வழக்கமும் வந்தது. உள்ளிருந்து இடும் தாழின் காலம் முடிந்து, வெளியிலிருந்து இடும் பூட்டின் காலம் தொடங்கிற்று.

இனி, அப்பூட்டு எங்கிருந்து வந்தது? மேல்நாட்டில் இக்கலை பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிற் பெருவளர்ச்சி கண்டது. 1778-இல் ராபர்ட் பாரன் என்பார், பூட்டினுள் இருக்கும் நெம்புத் தகடுகளைக் குறைவாக உயர்த்தினாலும் திறவாது, மிகையாக உயர்த்தினாலும் திறவாது என்னும் முறையைக் கண்டார். 1784-இல் ஜோசப் பிராமாவும், 1818-இல் ஜெரமையா சப்பும் தத்தம் முறைகளுக்கு உரிமை பெற்றனர். சப்பின் பூட்டில் அயற்சாவி இட்டால் பொறி சிக்கிக்கொண்டு, யாரோ கைவைத்தனர் என்பதை உடையவனுக்கு அறிவிக்கும். இவற்றைத் திறக்க எவராலும் ஆகாது என இங்கிலாந்து இறுமாந்திருந்தது. 1851-இல் லண்டன் மாநகரப் பெருங்கண்காட்சிக்கு வந்த ஹாப்ஸ் என்னும் அமெரிக்கர், சப்பின் பூட்டைச் சிறு பொழுதிலும், பிராமாவின் பூட்டைப் பல நாட்களிற் பகுத்துச் செய்த 51 மணி நேர முயற்சியாலும் திறந்து காட்டினார். திறக்கலாகாத பூட்டு என ஒன்றில்லை. திறக்கப் பிடிக்கும் காலமே பூட்டின் மதிப்பு என்பதை உலகம் அன்று உணர்ந்தது. அதன்பின் 1860-களில் யேல் என்பார் செவ்வைப்படுத்திய உருளைப்பூட்டே, இன்று தட்டையான பல்வெட்டுச் சாவியோடு எங்கும் காணப்படுவது.

இந்தியாவில் இத்தொழில் அலிகாரிலும் திண்டுக்கல்லிலும் சிறந்தது; பம்பாயில் 1897-இல் அர்தேஷிர் கோத்ரெஜ் பூட்டுத் தொழிற்சாலை தொடங்கினார். இவற்றுள் நமக்கு அணித்தானது திண்டுக்கல். திருச்சிராப்பள்ளிக்குத் தென்மேற்கே ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவு. அங்கே இத்தொழிலைத் தொடங்கியவர் சங்கரலிங்காச்சாரி சகோதரர்கள் எனத் தொழிலறிந்தோர் கூறுவர். நாகல்நகர், குடைப்பாறைப்பட்டி, நல்லாம்பட்டி முதலிய இடங்களில் வீடுதோறும் பட்டறை அமைந்து, தகடு வெட்டுவோர் ஒருவர், அரம் போடுவோர் ஒருவர், சாவி இழைப்போர் ஒருவர் என வேலை பகுத்துச் செய்யும் முறை வளர்ந்தது. மாங்காயின் வடிவுடைய மாங்காய்ப் பூட்டு, சாவியைத் திருப்புந்தோறும் மணியோசை எழுப்பும் மணிப்பூட்டு, புதிர்வழியறிந்தாரே திறக்கத்தக்க மாயப்பூட்டு எனப் பலவகை அங்கே பிறந்தன. மணிப்பூட்டின் ஓசையைக் கேட்கும்போது, 1753-ஆம் வருஷத்துப் பீரங்கியோசை நம் நினைவுக்கு வருகின்றது!

கையால் அரம் போட்டு ஒவ்வொரு பூட்டின் நெம்புத்தகட்டையும் தனித்தனியே இழைப்பதால், ஒன்றன் சாவி மற்றொன்றுக்கு எளிதிற் பொருந்தாது என்பதே திண்டுக்கல் பூட்டின் பெருமை. இயந்திரத்தால் ஆயிரக்கணக்கிற் செய்யப்பட்டு மலிவாக வந்த பூட்டுக்களுக்கு எதிரே அத்தொழில் நலிந்தது. 2019-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில், காரைக்குடிக் கண்டாங்கிச் சேலையோடு திண்டுக்கல் பூட்டும் புவிசார் குறியீடு பெற்றது. அதனை வேண்டி விண்ணப்பித்தது தொழிலாளர் கூட்டுறவுச் சங்கமே. இன்று இத்தொழிலிற் பல வகுப்பினரும் ஈடுபட்டுள்ளனர், அது நன்றே. ஆயினும் பட்டம் வந்ததேயன்றிப் பட்டறைக்கு இளைஞர் வந்தாரில்லை. அரம் பிடித்த கைகள் முதுமையடைகின்றன. அவர்தம் மக்கள் வேறு வேலை நாடிச் செல்கின்றனர். நம் ஊரிலும் பொன்மலை இருப்புப்பாதைத் தொழிற்சாலைக்கும், பிற்காலத்தில் பெல் தொழிற்சாலைக்கும் நம் மரபினர் பலர் சென்றனர். அதனாற் குடும்பங்கள் உயர்ந்தன. அதனை யாரும் குறைகூறார். எனினும், பழம் பூட்டைப் பிரித்துப் பழுது பார்க்கத் தெரிந்தவரைத் தேடி இன்று தெருத்தெருவாக அலைய வேண்டியிருக்கின்றது என்பதையும் மறைத்தலாகாது.

இங்கே நம் சொந்த அனுபவம் ஒன்றைக் கூறாது விடுதல் முறையன்று. சில ஆண்டுகளுக்கு முன், ஸ்ரீரங்கத்திலுள்ள நம் இல்லத்துக் கொல்லைக் கதவுக்கு விலையுயர்ந்த புதுப்பூட்டு ஒன்றை வாங்கிப் பூட்டிவிட்டு, ஒரு விவாகத்திற்காக வெளியூர் சென்றோம். மூன்றாம் நாள் திரும்பி வந்து பார்த்தபோது கதவு திறந்து கிடந்தது. பூட்டில் ஒரு கீறலுமில்லை. பூட்டியபடியே நாதாங்கியோடு தரையிற் கிடந்தது! உளுத்த நிலைமரத்தினின்றும் அரை அங்குலத் திருகாணிகளைத் திருடன் கடப்பாரை நுனியால் நெம்பி எடுத்திருந்தான். நம் தாயார் அணிந்திருந்த காதோலையும், தந்தையார் தம் கையாற் செய்த சிறு வெள்ளிக் கிண்ணமும் அன்று போயின. ஓலையின் விலையைக் காட்டிலும் கிண்ணத்தின் இழப்பே இன்றுவரை நெஞ்சை வருத்துகின்றது. பூட்டைத் தேர்ந்த நாம், கதவைத் தேர்ந்தோமில்லை. கம்மியன் இடைவெளியின்றிப் பொருத்தினான் என்று நக்கீரர் சொன்னதன் பொருள் அன்றே நமக்கு விளங்கிற்று.

ஆதலின், பூட்டு மாற்ற விழையும் அன்பர்கள் கீழ்க்கண்டவற்றை வரிசையாக ஆராய்க.

முதலாவது, நிலையும் கதவும். நிலைமரத்தை விரலால் தட்டிப் பார்க்க. பொள்ளென்ற ஓசை எழுமாயின், பூட்டு வாங்குமுன் தச்சரை அழைக்க. கீல்களையும் கவனிக்க, கீலின் ஆணி வெளிப்புறம் தெரியுமாயின் பூட்டினால் பயனில்லை.

இரண்டாவது, நாதாங்கியும் கொண்டியும். இவை கனத்த தகட்டால் ஆயவையாய், மூடிய நிலையில் திருகாணியின் தலை வெளியே தெரியாதவையாய் இருத்தல் வேண்டும். கதவை ஊடுருவி உட்புறம் மரையிட்டு முடுக்கிய ஆணியே சிறந்தது.

மூன்றாவதே பூட்டு. தொங்குபூட்டாயின் நெம்புத்தகடுகளின் எண்ணிக்கையைக் கேட்க. ஐந்துக்குக் குறைந்ததை வாசலுக்கு இடற்க. வளைகம்பி பருத்ததாயும், பூட்டியபின் கடப்பாரை நுனி நுழைய இடமின்றியும் இருத்தல் வேண்டும். தொங்குபூட்டு வீட்டில் ஆளில்லை என்பதைத் தெருவுக்கு அறிவித்துவிடும். கதவின் கனத்துள் புதைக்கும் பூட்டிற்கு அக்குறை இல்லை. ஆனால் பழந்தேக்குக் கதவைப் புதைபூட்டுக்காகக் குடைந்தால் அவ்விடம் மெலிந்துவிடும். கனம் போதாத கதவாயின் மேற்பரப்பில் பொருத்தும் பூட்டையே கொள்க. பழம் திண்டுக்கல் பூட்டு வீட்டிலிருப்பின் அதனைக் காயலான் கடைக்குப் போடற்க. வில்லும் தகடும் மாற்றி, புதுச்சாவி இழைத்தால், அது இன்னொரு தலைமுறை உழைக்கும்.

நான்காவது, சாவி. இழந்த சாவி கிடைத்துவிட்டாலும், இடையில் யார் கையில் இருந்தது என்பது தெரியாதாயின், பூட்டின் உள்ளுறுப்பை மாற்றிவிடுக. மாடக்குழியிலும் துளசிமாடத்தடியிலும் சாவியை ஒளித்தல், கையிலேயே கொடுப்பதற்கு ஒப்பாகும்.

ஐந்தாவது, உயிர். களவுக்கு அஞ்சி முதியோரை உள்ளே வைத்து வெளியிற் பூட்டிச் செல்லும் வழக்கம் சில இல்லங்களில் உண்டு. தீப்பிடித்தால் என் செய்வர்? வாசற்கதவு உட்புறமிருந்து சாவியின்றித் திறக்கத்தக்கதாய் இருத்தல் இன்றியமையாதது. பொருளைக் காக்கும் பூட்டு உயிரைச் சிறையிடலாகாது.

விரல்ரேகை கண்டு திறக்கும் மின்பூட்டுக்களும் இன்று கடைகளில் மலிந்துள்ளன. சாவி மறக்கும் முதியோருக்கு அவை உதவுவனவே. ஆயினும் மின்கலம் தீர்ந்தால் திறக்க வேறு வழியுண்டா என்று கேட்டறிந்தே வாங்குக. உழைத்துத் தேய்ந்த விரல்களின் ரேகையை அப்பொறி சிலவேளை அறியாது போதலும் உண்டு. நம் பட்டறைப் பெரியோர் இதனைச் சோதித்துப் பார்த்தே கொள்ளல் நலம்.

பூட்டைத் திறந்து நுழைதலையும் 1860-ஆம் வருஷத்துத் தண்டனைச் சட்டம் வீடு உடைத்தலாகவே கொண்டது. 2024-ஆம் வருஷம் ஜூலை மாதம் முதல் அதனிடத்தில் வழங்கும் புதுச்சட்டமும் அவ்வாறே கொள்கின்றது. ஆதலின், ஒன்றும் உடையவில்லை என்று எண்ணிப் புகார் கொடாது இருக்கற்க. வெளியூர் செல்வோர் காவல் நிலையத்திலும் அண்டை வீட்டாரிடத்தும் சொல்லிச் செல்லுதல் பழைய பாடிகாவலின் நல்ல பகுதியை மீட்பதாகும்.

அன்பர்களே! பூட்டு கொல்லனுடையது, கதவு தச்சனுடையது, பித்தளைக் குமிழும் பிடியும் கன்னானுடையவை, வாயிற்படி சிற்பியினுடையது, உள்ளே காக்கப்படும் பொன் தட்டானுடையது. இவற்றுள் ஒன்று மெலிந்தாலும் ஏனைய நான்கும் பயனற்றனவாம் என்பதை நம் கொல்லைக் கதவு நமக்குக் கற்பித்தது. சங்கத்திற்கும் அப்பாடமே பொருந்தும்.

ஒரு வேண்டுகோளோடு இவ்வியாசத்தை முடிக்கின்றோம். உங்கள் இல்லப் பரணையிலும் பெட்டியிலும் கிடக்கும் பழம் பூட்டுக்களையும் திறவுகோல்களையும் சங்கக் காரியாலயத்திற்குக் கொணர்ந்து காட்டுக; யார் செய்தது, எக்கதவுக்கு இருந்தது என்பதை எழுதி வைப்போம். அவற்றைப் பிரித்துப் பொருத்தத் தெரிந்த முதியோர் ஞாயிறுதோறும் ஒரு நாழிகை வந்திருந்து, விருப்பமுள்ள பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுப்பாராக. அரம் பிடிக்கும் பழக்கம் ஒரு தலைமுறை விட்டுப்போயின், அதனைத் திறக்கும் சாவி எக்கடையிலும் கிடையாது.

சுபம்.